கோணல் தையல்

பியூலா ஊர் ஊராகப் போய், துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுப்பாள். ஒவ்வொரு ஊரிலும் யாராவது முதன்முதலாகத் தைத்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தன் சொந்தப் போர்வையில் சேர்த்துக்கொள்வாள். சேர்த்துத் தைக்கும் வேலை அவளுடைய ஊசிக்கு.

"எல்லாம் கோணல்மாணல்," என்று ஊசி கத்தரிக்கோலிடம் அலுத்துக்கொள்ளும். "என் தையலைப் பாரு, எறும்பு வரிசை மாதிரி இருக்கு. அதையெல்லாம் பிரிச்சு நேராத் தைக்கலாம்னா இவ விடமாட்டேங்கிறா."

"எனக்கும் வாய் நமநமங்குது," என்றது கத்தரிக்கோல்.

வயதாகி, பியூலாவுக்குக் கண் மங்கியது. பயணங்கள் நின்றன. ஒரு மழை நாளில் போர்வையை மடியில் போட்டு, விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒரு கோணலில் விரல் நின்றது.

"இது ஆலிஸ். முடிச்சுப் போடவே ஒரு மணி நேரம் ஆச்சு அவளுக்கு."

இன்னொன்றில் நின்றது. "இது பஸ் டிரைவர் மாசிலாமணி. ஊசியைக்கூட ஸ்டியரிங் மாதிரிதான் பிடிப்பார்." சிரித்தாள்.

ஊசியின் நேரான தையல்கள்மீது விரல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

ஊசி மெதுவாகக் கத்தரிக்கோலிடம் கேட்டது.

"நான் எங்கேயாவது தப்பாத் தைச்சிருக்கேனா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."