முதல் பயனாளி

மேடையில் அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பூத்துண்டு விரித்த நாற்காலி அல்ல. அதற்கு அடுத்தது.

பூத்துண்டு விரித்தது காலியாக இருந்தது. தலைமை விருந்தினர் காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தார்.

சுங்கச்சாவடியை அடிக்கடி கடப்பவர்களுக்கு இனிக் கட்டணமில்லை. அரசே கட்டிவிடும்.

திட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரு பயனாளி வேண்டியிருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடினார்கள். அடிக்கடி கடப்பவர் என்று ஒருவரும் அகப்படவில்லை. கட்டணத்துக்குப் பயந்து எல்லோரும் ஏரிக்கரை வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் மட்டும் தினமும் சாவடி வழியே.

பெரிய வியாபாரம் போலிருக்கிறது என்று மேடையில் ஒருவர் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

பந்தலுக்கு வெளியே அவளுடைய பழைய வேன் வெயிலில் நின்றது. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் போட்ட மெத்தையில் அவள் கணவன் படுத்திருந்தான். முதுகெலும்பில் புற்று. பெரியாஸ்பத்திரியில் தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். ஏரிக்கரைப் பள்ளங்களை அந்த முதுகு தாங்காது.

பத்தரைக்கு அவன் முறை. விட்டால் மிஷின் அடுத்தவருக்கு. இன்று வெள்ளி. பிறகு திங்கள்தான்.

ஒலிபெருக்கி அவளை நெடுஞ்சாலையின் செல்லமகள் என்றது. கைதட்டினார்கள்.

அவள் மேடையை விட்டு இறங்கினாள்.

யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

சாவடியின் பாதித் தடங்களில் பந்தல். மீதித் தடங்களில் விழாவுக்கு வந்தவர்களின் வண்டிகள். கட்டணமில்லாத சாலையில் வழியுமில்லை.

வேனைத் திருப்பினாள். ஏரிக்கரையில் ஏறுமுன் நிறுத்தி, கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காத புள்ள. ரோட்டப் பாத்து ஓட்டு."

முதல் பள்ளம்.

அவன் கத்தவில்லை. கத்தாமல் இருந்தது அவளுக்குக் கேட்டது.

பாதிக் கரையில், எதிரே ஒரு வெள்ளைக் கார். முகப்பில் கொடி. நெடுஞ்சாலையில் தன்னை வரவேற்கத் திரண்ட கூட்டத்தில் சிக்காமல், தலைமை விருந்தினரும் இந்த வழியாகவே வந்துகொண்டிருந்தார்.

கரை ஒரு வண்டிக்குத்தான் அகலம்.

காரோட்டி தலையை வெளியே நீட்டினான்.

"ரிவர்ஸ் எடும்மா! ஐயாவுக்கு நேரமாச்சு. அங்க பயனாளி காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் முகப்பு விளக்கைப் போட்டாள்.

பிறகு, முதல் கியரை.