சொர்ணத்தின் வயது

பேருந்து டிக்கெட் செயலி செய்யும் அந்தக் குழுவுக்கு முதல்முறை பயிற்சி கொடுக்க வந்தபோது, ரெஜினா ஒரு பெண்ணைக் கற்பனையில் உண்டாக்கி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சொர்ணம், வயது ஐம்பத்தாறு. கணவரோடு மாதாமாதம் மகள் வீட்டுக்குப் போய்வருகிறவள். எதைச் செய்தாலும் இவளுக்குச் சரிப்படுமா என்று பாருங்கள் என்றாள். "இல்லாத ஆளுக்கா மேடம் இவ்வளவு பாடு?" என்று குழுவிலிருந்த தாஜுதீன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

சில வருஷம் கழித்து அவளை மறுபடி அழைத்திருந்தார்கள். தாள் அதே சுவரில், ஓரமெல்லாம் பழுத்துப்போய் இருந்தது. ஐம்பத்தாறை அடித்து ஐம்பத்தேழு, அதையும் அடித்து ஐம்பத்தெட்டு, பிறகு ஐம்பத்தொன்பது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பேனாவில். 'முழங்கால் வலி, முன்சீட்டுதான் வேண்டும்' என்று யாரோ கீழே சேர்த்திருந்தார்கள். கணவர் என்ற சொல்லை மட்டும் யாரும் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'தவறிவிட்டார்' என்றிருந்தது. வாசல் பலகையில் ரெஜினாவை வரவேற்று தாஜுதீன் எழுதியிருந்த அதே சாய்ந்த கையெழுத்து.

ரெஜினா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் செயலியைத் திறந்து அவளிடம் நீட்டினான். எத்தனை பயணிகள் என்ற கட்டத்தில், சொர்ணத்துக்காக அன்று திறந்ததுமே 'இரண்டு பேர்' என்று வரும்படி வைத்திருந்த இடத்தில் இப்போது 'ஒருவர்' என்று இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் அவங்க கையாலயே ஒருத்தரைக் குறைக்க வேண்டாம்னு பார்த்தோம் மேடம்" என்றான்.