பெட்டிக்குள் இரண்டு முட்டை

சூசொக் பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்திலும், சாங்-உக் இரண்டு அவித்த முட்டைகளை உரித்து ஜூனியர் போரமின் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றெரிச்சல்.

தேஜான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவனாக அவனுக்கு இது ஆறாவது வருடம். முடியை விட மெல்லிய வெள்ளி இழைகளைப் பிளாஸ்டிக் தாளில் பூச வேண்டும். தாள் கண்ணாடியாய்த் தெரிய வேண்டும், மடங்க வேண்டும், மின்சாரமும் பாய வேண்டும். போன வருடம் வந்து சேர்ந்த போரம் இதில் அவனை முந்திவிட்டாள்.

விடுமுறை முடிந்ததும் போன் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். யாருடைய தாள் பிடிக்கிறதோ, அவருக்கு அங்கேயே வேலை.

"வெள்ளி பூசினப்புறம் மேல வேற என்னத்தையோ தடவுறியே, முகத்துக்குப் போடுற க்ரீமா?" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

"சும்மா ஒரு நம்பிக்கைதான் சீனியர்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் அவனுக்கு எரியும்.

முட்டை பட்ட வெள்ளிக் கரண்டி கறுத்துப்போகும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். கரண்டிக்கே அந்தக் கதி என்றால், அவளுடைய இழை எம்மாத்திரம்? பெட்டிக்குள் இருந்தது அவள் செய்த தாள்.

ஐந்து நாள் கழித்து, யாரும் வருமுன் முட்டையை எடுத்துவிட விடியலிலேயே ஓடி வந்தான். பேராசிரியர் மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் போரம், கையில் மின்சார அளவு பார்க்கும் கருவி.

"இது யார் பார்த்த வேலை?"

"சீனியர்தான் சார். முட்டை ஓடு அவரோட குப்பைக்கூடையிலதான் கிடக்கு."

வேலை போகட்டும், படிப்பே போச்சு என்று சாங்-உக் நினைத்தான்.

மா அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "அட கெட்டிக்காரா! அஞ்சு நாள் இந்த நாத்தத்துல கிடந்தும் தாள் கறுக்கல, அளவு துளிகூட மாறல. இவ மேல தடவினது காப்பாத்திடுச்சு. கம்பெனிக்காரன் முதல்ல கேக்கப்போறதே இதைத்தான். எங்க யாருக்கும் தோணலியேடா!"

போரம் இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி சீனியர். இந்தச் சோதனையப் பண்ண எனக்குத் தைரியமே வரல."