காட்டுமாடு ஓடிய பாட்டு

“எங்க பாட்டக் கேட்டு காட்டுமாடுக அம்புட்டும் கேரளாவுக்கே ஓடிருச்சு மாமா!”

பிரசாந்த் பெருமையடித்தான். அவனும் மனைவி ரம்யாவும் ஜோடியாகப் பாடிய ராக் ஆல்பம் அது. பூம்பாறைப் பூண்டுத் தோட்டத்தில் அதை அலறவிட்டும் மாடு போகாவிட்டால், கிடாரை விற்று வேலி போடவேண்டும் என்பது மாமனார் பழனிமுத்துவின் தீர்ப்பு.

“காதல் பாட்டுக்கா ஓடுச்சு?”

“அதுக்குத் தலையாட்டிக்கிட்டே மேஞ்சுச்சு. அடுத்து, ‘யோவ், சட்டியக் கழுவுனியா?’ன்னு ஒங்க மக பாடுனா பாருங்க!”

“புளுகாதீங்க மாப்ள. கிடார எடுங்க, விப்போம்.”

பிரசாந்த் கிடாரை இறுக அணைத்துக்கொண்டான்.

மாமியார் சின்னத்தாயி குறுக்கிட்டார். “வெள்ளனே தோட்டத்துக் காவலுக்குப் போன மனுசன், வெரசா ஓடியாந்து சட்டிபானையெல்லாம் ஏன் வெளக்குனீங்க?”

பழனிமுத்து தலையைச் சொறிந்தார்.

“நெசந்தான். மக கொரலு அப்பிடியே ஒங்கொரலு. நான் முன்னால ஓடுனேன். மாடுக பின்னால ஓடியாந்துச்சுக.”