ஸ்பீக்கரின் தொண்டை

ஒரு பழைய ரேடியோப் பெட்டிக்குள்ளே, ஸ்டேஷன் பிடித்துத் தரும் கண்டன்சருக்கு ஊரில் இல்லாத வாய். குமிழைத் திருப்பும்போதெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று சத்தம் வரும். உடனே கண்டன்சர் அதே மாதிரி, "கர்ர்ர்… கொர்ர்ர்…" என்று இருமிக் காட்டும்.

"தம்பி, செய்தி வாசிக்கிறியா, வாய் கொப்பளிக்கிறியா?"

"என் தொண்டைதான் சரியில்லண்ணே," என்று ஸ்பீக்கர் குறுகிப்போகும்.

ஒருநாள் மெக்கானிக் அருளப்பன் புது ஸ்பீக்கரோடு வந்தார். பழையதைக் கழற்றுமுன் குமிழைத் திருப்பிப் பார்த்தார். கரகரத்தது. கையை எடுத்தார், பாட்டு சுத்தமாக வந்தது. மறுபடி திருப்பினார், மறுபடி கரகரப்பு.

"அட, நீதானா!" என்று, குமிழோடு சேர்ந்து சுழலும் கண்டன்சரின் தகடுகளுக்கு நடுவே பிரஷ்ஷை விட்டார். பஞ்சுபஞ்சாக அழுக்கும், ஒரு கரப்பான் காலும் விழுந்தன. இனி ஸ்பீக்கர் தன்னைக் கிழிகிழி என்று கிழிக்கும் என்று கண்டன்சர் காத்திருந்தது.

புது ஸ்பீக்கர் பைக்குள் திரும்பிப் போனது. பாட்டு கணீரென்று ஒலித்து முடிந்ததும், பழைய ஸ்பீக்கர் தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணே, இப்ப என் தொண்டை பரவாயில்லையா?"

அருளப்பன் குமிழைக் கடைசிவரை திருப்பினார். தகடுகள் மொத்தமும் ஒன்றுக்குள் ஒன்று போய் மறைந்தன. அப்படியே இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது கண்டன்சருக்கு.