இரண்டாவது சாவி

ஓராண்டு பிரிந்திருந்த தணிகைவேலும் பூங்கோதையும், மீண்டும் சேர்ந்து வாழ இயலுமா என்று பார்க்கவே அந்தப் பழம்பெரும் ஐரோப்பிய நகரத்துக்கு இரண்டு நாள் சுற்றுலா வந்திருந்தார்கள். கோட்டையும் தேவாலயமும் கண்டு, நடன விடுதிக்குப் போகும் வழியில் ஆற்றுப்பாலம் குறுக்கிட்டது. காதலர்கள் என்றும் பிரியாதிருக்க வேண்டி அதன் கம்பியில் பூட்டை மாட்டிச் சாவியை ஆற்றில் எறிவது வழக்கம். அவனும் ஒரு பூட்டு வாங்கி மாட்டி, மும்முறை இழுத்துப் பார்த்தான்.

“இது என்ன, நம்ம வீட்டு கேட்டா?” என்று சிரித்தபடி அவள் சாவியை வீசினாள். “பூட்டோட ரெண்டு சாவி குடுத்தானே, இன்னொண்ணு எங்க?”

“அது ஸ்பேர். இருக்கட்டும், எதுக்கும்.”

“எதுக்கு?”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பாலத்தின் அடியில் ஆட்டமும் பாட்டுமாக ஒரு படகு கடந்துபோயிற்று. அவள் உள்ளங்கையை நீட்டினாள். எந்தச் சாவியையும் தொலைத்தறியாத அவன் கை, சட்டைப்பையைப் பொத்தியபடியே இருந்தது.