கரையிறங்காதவள்

"பிள்ளை பிழைச்சதுக்கு நேர்ந்த கடனைத் தீர்க்கத்தானே கடல் தாண்டி வந்தோம்? இப்போ இறங்கமாட்டேன்னா என்ன அர்த்தம்?"

கேட்டவர், இலங்கையில் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த வீரசிங்கம்; ஊரார் சிலரையும் சேர்த்துக்கொண்டு யாத்திரை புறப்பட்டவர். பண்டாரவளை வரை மாட்டுவண்டி, பின்பு ரயில், அதன்பின் கப்பல். சோழநாட்டுத் துறையொன்றில் அது பகல் முழுதும் நங்கூரமிட்டு நிற்கும். கரையில் கோபுரம் தெரிந்தது. படகும் வந்துவிட்டது.

அவர் மனைவி மீனாம்பாளோ மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேலுக்கு முடியலங்க. இங்க காத்து நல்லாருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

"வெத்தலை போட மட்டும் முடியுதாக்கும்," என்றாள் உடன் வந்த லீலா. "தொரைசாணி மாதிரி சாஞ்சு கிடக்கத்தான் கப்பலேறினீங்களாக்கா? இருளாயியையாவது விடுங்க. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு வரட்டும்."

"அவ என் கால் பிடிக்கணும். எங்கயும் வரமாட்டா."

ஸ்பிரிங்வெளி தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்திலிருந்து வந்து அவ்வீட்டில் வேலை செய்துவந்த இருளாயி, தலை கவிழ்ந்து நின்றாள்.

வீரசிங்கம் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பூசைக்கூடையுடன் படகில் இறங்கினார்.

உச்சிவேளை கழிந்து திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது.

மேல்தளத்தில் நாற்காலியில் இருந்தவள் இருளாயி. அருகே மீனாம்பாள் நின்றிருந்தாள்.

"கூடையில தேங்காயும் பழமும்தான் இருந்துச்சு. காணிக்கைக்குச் செஞ்ச வெள்ளிப் பிள்ளை எங்க? குருக்கள் முன்னால தலைகுனிஞ்சு நின்னேன்."

"நான்தான் எடுத்து வச்சேன். கடல்ல போட்டாச்சு."

"கடல்லயா? யாரு போட்டது?"

"இருளாயி. கோபுரத்தப் பார்த்துக் கும்பிட்டு, அவ கையால போட்டா."

லீலா வாயில் கைவைத்தாள். "சாமிக் காணிக்கையப் போய் இவ கையிலயா குடுத்தீங்க?"

"அது இவ காணிக்கை. பிள்ளை நெருப்பாக் கொதிச்சப்போ நான் மூலையில விழுந்து அழுதேன். அவன மடியில போட்டுக்கிட்டு, வெள்ளிப் பிள்ளை தர்றேன்னு நேர்ந்தவ இவதான். இவள வெளிய நிறுத்துற வாசலுக்குள்ள, இவ நேர்த்திய நான் என்னுதுன்னு தூக்கிட்டுப் போகணுமா?"

வீரசிங்கத்தின் குரல் தணிந்தது. "கடல்ல போட்டா சாமிக்குச் சேருமா?"

மீனாம்பாள் கோபுரத்தை நேராக நோக்கினாள்.

"இவ வாயால கேட்டப்போ பிள்ளையக் குடுத்த சாமி, இவ கையால குடுத்தா வாங்கிக்காதாக்கும்?"